புகுந்த வீட்டுச் செலவு

"வியாபாரம் பெருகுதுன்னு அழற முதலாளியை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றான் ரேடியோ.

மேஜைக்கு அடியில் அண்ணி அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். ரேடியோ என்பது பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர். போட்டுவிட்டால் அணைக்கத் தெரியாது என்பதால் அது ஒட்டிக்கொண்டது. துப்பறிவது அண்ணியின் தொழில். கார் ஓட்டுவதும், கதவு தட்டுவதும், வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் கொழுந்தனான அவனுடைய தொழில். அண்ணிக்குச் சந்தேகம் ரத்தத்திலேயே ஊறியது. காய்கறிக்காரர் சரியாக எடை போட்டால்கூட, இன்றைக்கு மட்டும் ஏன் சரியாகப் போடுகிறார் என்று யோசிப்பாள். வீட்டில் எது காணாமல் போனாலும் முதல் விசாரணை ரேடியோவின் அண்ணனுக்குத்தான். பாவம், அந்த மனுஷர் கேட்காமலே சட்டைப் பையைத் திருப்பிக் காட்டிவிடுவார்.

எதிரே உட்கார்ந்திருந்த முதலாளியம்மாள் சிரிக்கவில்லை. ஹார்டுவேர் கடை ஒன்றின் மாடியில் மூன்று அறைகள். அதுதான் அவளுடைய தொலைபேசிக் கம்பெனி. பக்கத்து அறையில் மிஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. இருந்த ஒரே நல்ல மின்விசிறியை மனிதர்களுக்கு வைக்காமல் மிஷினுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். கீழேயிருந்து பெயின்ட் வாடை வந்தது.

"முதல்ல இருந்து சொல்லுங்க. நான் போன் பேசத் தெரிஞ்சவ, அவ்வளவுதான்," என்றாள் அண்ணி.

"நம்பரை மாத்தாம கம்பெனியை மட்டும் மாத்திக்கலாம் இல்லையா, மேடம்? அந்த வசதி தானா நடக்கல. எந்த நம்பர் இப்போ எந்தக் கம்பெனில இருக்குன்னு பார்த்துக்க ஒரு பொதுப் பதிவு நிலையம் இருக்கு. ஆறு கம்பெனியும் சேர்ந்து நடத்தறோம். யாருக்கு யார் போன் போட்டாலும் அந்த நிலையத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் லைன் போகும்."

"செலவு?"

"அங்கதான் சண்டையே. கட்டடம், மிஷின், சம்பளம் எல்லாம் அவங்கவங்க வாடிக்கையாளர் கூட்டத்துக்குத் தகுந்த மாதிரி பங்கு. அதுல தகராறு இல்ல. ஆனா ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் தனியா ஒரு செலவு ஆகுது. அதை யார் தலையில கட்டறதுன்னு ரொம்ப நாளா இழுபறி. எல்லாரும் பொதுவுல பிரிச்சுக்கலாம்னு ஒரு கட்சி. யார்கிட்ட ஆள் புதுசா வந்து சேருதோ அவங்களே கட்டட்டும்னு இன்னொரு கட்சி. போன கூட்டத்துல ரெண்டாவது கட்சி ஜெயிச்சுது."

"நீங்க எந்தக் கட்சி?"

முதலாளியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். "ரெண்டாவது."

அண்ணியின் புருவம் லேசாக ஏறி இறங்கியது. ரேடியோவுக்கு அந்தப் புருவம் அத்துப்படி. கட்சிக்காரியே சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டாள் என்று அர்த்தம்.

"எங்ககிட்ட யார் வரப்போறாங்கன்னு நினைச்சுக் கை தூக்கினேன் மேடம். தூக்கின நாள்ல இருந்து ஆள் குவியுது. வர்றவங்க பேசறதும் இல்ல, ரீசார்ஜ் பண்றதும் இல்ல. ஒவ்வொருத்தர் வந்ததுக்கும் நிலையத்துக்கு நான் கட்டணும்."

"ஓட்டலுக்கு வந்து தண்ணி மட்டும் குடிச்சிட்டு ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருக்கிற கூட்டம்," என்றான் ரேடியோ.

இந்தத் தடவை அண்ணி மிதிக்கவில்லை. உவமை சரியாக இருந்தால் விட்டுவிடுவாள்.

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா நிலையத்தோட இருக்கிற லைனை வெட்டிடுவாங்க. அப்புறம் என் வாடிக்கையாளருக்கு வர்ற போன் எல்லாம் அவங்க பழைய கம்பெனில போய் முட்டிக்கிட்டு நிக்கும். கம்பெனி கதை முடிஞ்சுது. இங்க வேலை பார்க்கிற அத்தனை பேரும் தெருவுல. எல்லாம் பொய் மாறுதல்னு நிரூபிச்சா அந்தச் செலவைத் தள்ளுபடி பண்றேங்கறாங்க. ஆனா வெறும் சந்தேகம் போதாதாம். இன்ன ஆள் பண்ணான்னு பேரோட புகார் வேணுமாம்." குரல் உடைந்துவிட்டது. "பெரிய கம்பெனிக்காரன்தான் மேடம். என்னை ஒழிச்சுக்கட்டப் பார்க்கிறான்."

"வீட்ல தெரியுமா?"

"யார்கிட்டயும் மூச்சு விடல. வீட்டுக்காரர் பயந்தாங்கொள்ளி. அண்ணனுக்கு பிரஷர். யார் கேட்டாலும் கம்பெனி ஓகோன்னு போகுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

படியிறங்கும்போது ரேடியோ கிசுகிசுத்தான். "வீட்டுக்காரர் மேல எனக்கு ஒரு கண்ணு அண்ணி."

"எனக்கு எல்லார் மேலயும் ஒரு கண்ணு. ரெண்டுதான் இருக்குங்கறதுதான் குறை. வண்டியை எடு."

பெரிய கம்பெனியின் கட்டடத்தில் கண்ணாடி எது, கதவு எது என்று தெரியாமல் ரேடியோ ஒரு தடவை மூக்கை இடித்துக்கொண்டான். செலவுப் பங்கீட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவர்களை ஒரு குளிர்ந்த அறையில் உட்கார வைத்தார். வழுவழுவென்று பேசினார். ஆனால் அவருடைய செல்போன் மேஜையில் குப்புறக் கிடந்தது. பேசப் பேச அதை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அண்ணியின் பார்வை அந்தப் போனை விட்டு நகரவே இல்லை.

"அந்த அம்மாகிட்ட போன நம்பர் எல்லாமே எங்ககிட்ட இருந்து போனதுதான். மத்த நாலு கம்பெனில இருந்து ஒண்ணுகூடப் போகல," என்றார் அதிகாரி. "ஆனா எங்களுக்கு என்ன நஷ்டம்? பேசாத நம்பர். போனாப் போகட்டும். செலவு அவங்க செலவு."

"ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க," என்றாள் அண்ணி.

"நான் ஏங்க வருத்தப்படணும்?"

அண்ணி அவருடைய விசிட்டிங் கார்டை ரேடியோவிடம் நீட்டினாள். ரேடியோ புரிந்துகொண்டு நம்பரை அழுத்தினான். மாறிப்போன நம்பருக்குப் போன் போட்டால் மணி அடிப்பதற்கு முன்னால் காதில் சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும். இது வேறு கம்பெனிக்குப் போகிறது, கட்டணம் கூடலாம், ஜாக்கிரதை என்று கூப்பிடுகிறவருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. முதலாளியம்மாள் கொடுத்த பட்டியலில் இருந்த ஊமை நம்பர்களுக்குக் காலையிலிருந்து போட்டுப் போட்டு ரேடியோவுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. முக்கால்வாசி நம்பர்கள் அணைந்து கிடந்தன. அடித்த ஒன்றிரண்டையும் யாரும் எடுக்கவில்லை.

இப்போதும் கேட்டது. டிக். அப்புறம் மேஜையில் குப்புறக் கிடந்த போன் பாட ஆரம்பித்தது.

"சார்," என்றான் ரேடியோ குரலைத் தாழ்த்தி, "பெரிய கம்பெனியோட அதிகாரி நம்பர் பெரிய கம்பெனில இல்லையே."

அதிகாரியின் வழுவழுப்பு எங்கேயோ ஓடிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வீட்ல எங்க சிக்னல் சுத்தமா வராது சார். மொட்டை மாடில நின்னு பேசிப் பேசிக் கழுத்து வலியே வந்துடுச்சு. என் சம்சாரம்தான் அந்த அம்மா கம்பெனிக்கு மாத்திட்டா. வெளில சொல்லிடாதீங்க, பதவி உயர்வு வர்ற நேரம். அவங்க லைனை வெட்டினா என் வீட்டுப் போனும் ஊமைதான். நான் போய் இதைப் பண்ணுவேனா?"

காரில் ஏறியதும் ரேடியோ ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை.

"அந்த ஆள் பொய் சொல்லலடா. எனக்கு அதுதான் எரிச்சலா இருக்கு. முதலாளியம்மாவைக் கவுக்க நினைக்கிறவன் எந்தக் கம்பெனி நம்பரா இருந்தா என்னன்னு கிடைச்சதை அள்ளுவான். இதைப் பண்ணவனோ பெரிய கம்பெனில இருந்து மட்டுமே உருவியிருக்கான். நாம யார் தலையில விழுதுன்னே பார்த்துக்கிட்டிருந்தோம். யார் மடியில இருந்து எடுக்கறான்னு பார்க்கல."

"அப்போ அவன் கோபம் பெரிய கம்பெனி மேலங்கறீங்களா? அப்போ செலவு ஏன் அந்தம்மா தலையில விழுது?"

"அது தெரிஞ்சா நீ வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

பொதுப் பதிவு நிலையம் பெயருக்கேற்ற மாதிரி இல்லை. பழைய கட்டடத்தின் பின்பக்கம், பெயர்ப் பலகை இல்லாத இரும்புக் கதவு. கதவிலிருந்த சின்ன ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. அது அவர்களை மேலும் கீழும் அளந்த பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே மிஷின்களுக்காகக் குளிரூட்டி வைத்திருந்ததால் கண்காணிப்பாளர் நடுப்பகலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நீங்க கேக்குற நம்பருக்கெல்லாம் பொறந்த வீடு பெரிய கம்பெனி. புகுந்த வீடு அந்தம்மா கம்பெனி. செலவு புகுந்த வீட்டோடது. அவ்வளவுதான், இதுல சந்தேகமே இல்ல."

ரேடியோவின் கண்கள் விரிந்தன. "சார், இங்க நம்பருக்குக் கல்யாணமும் பண்ணி வெக்கிறீங்களா?"

கண்காணிப்பாளர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அது வேற வழியில்லாம வந்த பேச்சு தம்பி. முன்னாடி எல்லாம் இந்தப் புகுந்த வீட்டை 'குடுக்குற கம்பெனி'ன்னு சொல்லுவோம். கனெக்‌ஷன் குடுக்குற கம்பெனின்னு அர்த்தம். ஆனா கேக்குறவங்கள்ல பாதிப் பேர் நம்பரை விட்டுக் குடுக்குற கம்பெனின்னு எடுத்துக்கிட்டாங்க. நேர் எதிரா! ஒரு தடவை பில்லே இடம் மாறிப் போய் ரெண்டு கம்பெனிக்காரங்க இங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம்தான் எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா பொறந்த வீடு, புகுந்த வீடுன்னு பேர் வெச்சாங்க. யாருக்கும் குழப்பம் வராது பாருங்க."

அண்ணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"முதலாளியம்மா எப்படிச் சொல்லுவாங்க?"

"அவங்களுக்குப் பழைய பழக்கம். இன்னும் 'குடுக்குற கம்பெனி'தான்."

அண்ணி விறுவிறுவென்று வெளியே வந்து முதலாளியம்மாளுக்குப் போன் போட்டாள். ரேடியோவும் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"கூட்டம் முடிஞ்ச அன்னைக்கு அந்த விதியைப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா? வெளியாள்கிட்ட."

"வெளியாள்கிட்ட ஏன் பேசறேன்? அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். சாப்பிடும்போது சொன்னேன். இனிமே குடுக்குற கம்பெனிதான் செலவைக் கட்டணும், நமக்குக் கவலையே இல்லண்ணா, பெரிய கம்பெனிக்காரன் முகத்தைப் பார்க்கணுமேன்னு..."

"பெரிய கம்பெனிக்கும் உங்க அண்ணனுக்கும் என்ன?"

"அவங்களுக்கு ஏஜென்டா இருந்தார். ஒரு நாள் திடீர்னு தூக்கிட்டாங்க. பெட்டி பெட்டியா வாங்கி வெச்ச சிம் கார்டைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த அவமானத்துல படுத்தவர் எழுந்திருக்கவே ரொம்ப நாள் ஆச்சு. இப்போ போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கார்." குரல் சட்டென்று மாறியது. "மேடம், நீங்க எங்க போறீங்கன்னு புரியுது. தப்பான இடத்துக்குப் போறீங்க. அப்பா போனதுக்கு அப்புறம் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர்."

"உங்க அண்ணன் கடைக்கு வாங்க," என்று சொல்லி அண்ணி போனை வைத்தாள். "நம்பரோட பிறந்த வீட்டைச் சுத்திச் சுத்தி வந்தோம்டா. நாம போயிருக்க வேண்டியது முதலாளியம்மாவோட பிறந்த வீட்டுக்கு."

ரிப்பேர் கடை இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்குச் சின்னது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு பருத்த மனிதர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, திறந்து கிடந்த ஒரு செல்போனுக்குள் இடுக்கியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ. நல்ல கலகலப்பான முகம். இந்த முகத்தைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறதே என்று ரேடியோவுக்குச் சங்கடமாக இருந்தது.

அண்ணி தன் போனை நீட்டினாள். "சத்தம் சரியா கேக்கல. பாருங்க."

"உட்காருங்கம்மா, பார்த்துடலாம்."

"எந்தக் கம்பெனிக்கு மாறலாம்னும் யோசனையா இருக்கு. பெரிய கம்பெனின்னு நம்பி இருந்தேன். அவங்களே இப்போ தள்ளாட்டத்துல இருக்காங்களாம். நம்பர் வெளியில போகப் போக ஒவ்வொண்ணுக்கும் அவங்கதான் கட்டறாங்களாமே? கட்டிக் கட்டியே நொந்து போயிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

அண்ணி வைத்த பொறி ரேடியோவுக்குப் புரிந்தது. விவரம் தெரியாதவன் என்றால் 'அப்படியா' என்பான். விவரம் தெரிந்தவன் என்றால் 'அவன் எதுக்குக் கட்டறான், வாங்கிக்கிற கம்பெனிதானே கட்டணும்' என்பான். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இதைக் கேட்டுப் பூரித்துப்போவான்.

அந்த மனிதர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். முகம் முழுக்க வெளிச்சம். "நொந்துட்டானா? நல்லா வேணும்! இன்னும் கட்டுவான் பாருங்க. பெட்டி தீர்ற வரைக்கும் கட்டுவான்!"

"எந்தப் பெட்டி?" என்றாள் அண்ணி.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரேடியோ காலையில் மணி அடித்த நம்பர்களில் ஒன்றை மெல்ல அழுத்தினான். காதில் டிக். அடுத்த நொடி பீரோவுக்குள் ஏதோ ஒன்று தகரத்தில் கிடந்து ர்ர்ர் என்று அதிர்ந்தது.

"உங்க பீரோவுக்கு போன் வருதுங்க," என்றான் ரேடியோ.

மறைக்க அவருக்குத் தோன்றவில்லை. ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்லத் துடித்துக்கொண்டிருந்த மாதிரி அவரே பீரோவைத் திறந்துவிட்டார். மேல் தட்டில் ஏழெட்டுப் பழைய போன்கள். கீழே பெட்டி பெட்டியாகப் பெரிய கம்பெனியின் சிம் கார்டுகள். "என் தலையில கட்டின சரக்கு. ரிப்பேருக்கு வர்றவங்க குடுத்த அடையாள அட்டை நகலை வெச்சு ஒவ்வொண்ணா உயிர் கொடுத்தேன். கொடுத்து, என் தங்கச்சி கம்பெனிக்கு மாத்தினேன். அவளுக்கு ஆள் சேரும், இவனுக்குச் செலவு ஏறும். ஒரே கல்லு, ரெண்டு மாங்கா!"

"அண்ணா."

வாசலில் முதலாளியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடி வந்திருந்தாள்.

"வாம்மா! நீ சொன்னியே, குடுக்குற கம்பெனிதான் கட்டணும்னு. குடுக்க வெச்சேன் பாரு, அவனைக் குடு குடுன்னு..."

"கனெக்‌ஷன் குடுக்குற கம்பெனிண்ணா. நான்தான் அந்தக் கம்பெனி."

அவர் முதலில் சிரித்தார். தங்கை கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தார் போலும். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அப்போ பெரிய கம்பெனிக்காரன்?"

"ஒரு பைசா கட்டல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே. எல்லாம் என் பேர்லதான் ஏறிக்கிட்டிருக்கு. இன்னைக்கு சாயங்காலம் லைனை வெட்டறாங்க."

அவர் ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அந்தப் பெரிய உடம்பு அப்படியே சுருங்கிவிட்டது. "ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"உனக்கு பிரஷர்ண்ணா. நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா வேண்டாம்னு கையைப் பிடிச்சிருப்பே."

அண்ணி மெதுவாகச் சொன்னாள். "புகார்ல இவர் பேரைக் கொடுத்தா உங்க தலையில இருக்கிற செலவு மொத்தமும் போயிடும். கம்பெனி பிழைச்சுக்கும். ஆனா அடுத்தவங்க அட்டையை வெச்சு சிம் வாங்கினது போலீஸ் கேஸ். இவர் உள்ளே போக வேண்டியிருக்கும். இதுல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. முடிவு உங்களோடது."

எத்தனையோ பேரை ரேடியோ பிடித்துக் கொடுத்திருக்கிறான். இவர் பிடிபடாமலே போயிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது இதுதான் முதல் தடவை. மனசு கனத்துப்போய்த் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலாளியம்மாளின் போன் அடித்தது. கண்காணிப்பாளரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "நேரம் ஆகுதும்மா. இதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது. ஆள் கிடைச்சானா, இல்லையா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. அவளுடைய கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், பக்கத்து அறை மிஷின்கள், வாங்கிய கடன், எல்லாமும் அவள் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும்.

"கிடைக்கல சார்," என்றாள். "யாருன்னு தெரியல. லைனை வெட்டிக்கோங்க."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த நொடி ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தப் பருத்த மனிதர் அவ்வளவு வேகமாக எழுந்திருப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. தங்கையின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"வெட்டாதீங்க சார். ஆள் கிடைச்சாச்சு. புகாரை எழுதிக்கோங்க."

"அண்ணா, குடு இங்க!" அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் சின்னக் குழந்தையை விலக்குகிற மாதிரி அவளை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க யாருங்க பேசறது?"

"அவ அண்ணன்," என்றார் அவர். "என் பேரைத்தான் எழுதணும். நிதானமாச் சொல்றேன் சார், எழுதிட்டு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. அவளுக்கு மறுபடியும் எதுவும் தப்பாப் போயிடக்கூடாது."